கயிறு கட்டாத டிரம்

மாஸ்க் மாட்டச் சொன்னாங்களாம், அவன் மாட்டலையாம். டிரம்மைப் பார்த்து நிரப்பச் சொன்னாங்களாம், அவன் பார்க்கலையாம். அப்படித்தான் ஆபீஸ்ல எழுதி, சீல் குத்தி, ஒரு காப்பியை அவன் வீட்டுக்கே அனுப்பி வச்சிருந்தாங்க. அந்தக் காகிதத்தை என்கிட்ட நீட்டி, "வாசிச்சுச் சொல்லுங்கண்ணே"ன்னு நின்னா அவன் பொண்டாட்டி. அவளுக்கு வாசிக்கத் தெரியாமல்ல. குடோன்ல லேபிள் ஒட்டுறவளுக்கு எழுத்து தெரியாம இருக்குமா? தன் வாயால அதை வாசிக்க மனசு வரல, அவ்வளவுதான். நான் வாசிச்சேன்.

நான் எடை மேடைக்காரன். கெமிக்கல் குடோனுக்கு நேர் எதிர்ல என் மேடை. உள்ளே போற லாரியும் சரி, வெளியே வர்ற லாரியும் சரி, என் இரும்புத் தட்டு மேல ஏறி இறங்காம போக முடியாது. வீடும் அவங்க வீட்டை ஒட்டின வீடு. நடுவுல ஒத்தைக்கல் சுவர். அங்க கரண்டி விழுந்தா இங்க கேக்கும். இப்போ ரெண்டு மாசமா கேக்கிறது ஒரே சத்தம்தான். அவனுக்கு மூச்சு ஊட்டுற மெஷின் கொர்ருன்னு ஓடுற சத்தம்.

அவனுக்கு குடோன்ல வச்ச பேரு 'நிதானம்'. டிரம் நிரப்புற வேலை. மத்தவன் பத்து டிரம் நிரப்புற நேரத்துல இவன் ஏழுதான் நிரப்புவான். குழாயை உள்ளே விடுறதுக்கு முன்னாடி டிரம்மைத் தட்டிப் பார்ப்பான், மூடியைத் துடைப்பான், லேபிளை உதடு அசைய வாசிப்பான். "ஏண்டா, டிரம்முக்கு ஜாதகம் பார்க்கிறியா?"ன்னு லோடு ஏத்துறவங்க கேலி பண்ணுவாங்க. "ஆமா, உன் ஆயுசையும் சேர்த்துப் பார்க்கிறேன்"னு சொல்லிட்டு மறுபடி ஒரு தட்டுத் தட்டுவான். அந்த ஆளைத்தான் அவசரப்பட்டான்னு எழுதியிருந்தாங்க. எழுதின கை விளங்குமா?

அந்தக் குடோன் சங்கதியைக் கொஞ்சம் சொன்னாத்தான் புரியும். அங்க முக்கியமான சரக்கு ரெண்டு. ஒண்ணு ஆசிட், இன்னொண்ணு பிளீச். தனித்தனியா இருக்கிற வரைக்கும் ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கும். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துச்சுன்னா பச்சையும் மஞ்சளுமா ஒரு புகை கிளம்பும். அது உள்ளே போன நெஞ்சு அப்புறம் பழைய நெஞ்சு இல்ல. ஆனா ரெண்டுக்கும் டிரம் ஒரே டிரம்தான், அதே நீலம். வாங்கினவங்க காலி பண்ணித் திருப்பி அனுப்புவாங்க. அதை மூணு தண்ணி விட்டுக் கழுவி, வெயில்ல கவுத்து வச்சு, காஞ்சதும் கழுத்துல ஒரு வெள்ளைக் கயிறு கட்டுவாங்க. கயிறு கட்டியிருந்தா கழுவினதுன்னு அர்த்தம். அந்தக் கயித்தைப் பார்த்த பிறகுதான் நிதானத்தோட பொண்டாட்டி பழைய லேபிளைக் கிழிச்சுப் புதுசு ஒட்டுவா. கயிறு இல்லைன்னா லேபிள் இல்லை. யார் எப்போ ஆரம்பிச்ச வழக்கமோ தெரியாது, ஆனா அதுல ஒருத்தரும் விளையாட மாட்டாங்க. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாமேன்னு கேக்காதீங்க. அந்தத் தகரக் கூரைக்குக் கீழ ஆறு மாசம் வேலை பார்த்தவன் மூக்கு மூஞ்சிக்கு அழகுக்குத்தான் இருக்கும்.

விளையாடினது மேனேஜர். அவனை எல்லாரும் 'சென்ட்டு'ன்னுதான் சொல்வோம். குடோனுக்குள்ள வந்தா கர்ச்சீப்புல சென்ட்டை ஊத்தி மூக்குல வச்சுக்கிட்டுத்தான் நடப்பான். எங்க மேல பட்ட காத்து அவன் மேல படக்கூடாது, மகாராஜா!

சம்பவம் நடந்த அன்னைக்குக் காத்துகூட அசையல. ஒரு ஆலைக்கு அவசரமா பிளீச் வேணும், சாயங்காலத்துக்குள்ள நாப்பது டிரம். அதுக்குன்னே ஒரு லாரி காலி டிரம் வந்து இறங்குச்சு. எல்லாம் ஆசிட் போய்த் திரும்பின டிரம். என் மேடையில ஏத்தினேன். காலி டிரம் ஒண்ணு ஒன்பது கிலோ. நாப்பதுக்கு முன்னூத்தி அறுபது. லாரி எடையைக் கழிச்சுப் பார்த்தா தட்டு காட்டினது நானூத்தி இருபது. "என்னய்யா, காலிங்கிறே, அறுபது கிலோ கூட நிக்குது?"ன்னு டிரைவர்கிட்ட கேட்டேன். "மழையில நனைஞ்சிருக்கும்"னான். மழை பெஞ்சு ஒரு மாசம் ஆயிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு டீ குடிக்கப் போனேன். அந்த டீ இன்னும் எனக்குத் தொண்டையில நிக்குது.

உள்ளே டிரம்மெல்லாம் வரிசையா நின்னுச்சு, ஒண்ணுலகூடக் கயிறு இல்ல. அவ லேபிளைக் கையில வச்சுக்கிட்டு நின்னிருக்கா.

"சார், கயிறு கட்டலையே."

"கழுவியாச்சு. கயிறு தீர்ந்துபோச்சு. நீ ஒட்டு."

"கயிறு இல்லாம எப்படி சார்..."

"நான் சொல்றேன்ல? உன் கயிறு பெருசா, நான் பெருசா?"

அவ கிழிச்சா. நாப்பது ஆசிட் லேபிளையும் கிழிச்சா, நாப்பது பிளீச் லேபிளையும் ஒட்டினா. நிதானம் வந்து தட்டிப் பார்த்தான், லேபிளை வாசிச்சான். பொண்டாட்டி ஒட்டின லேபிள். கயிறு எங்கேன்னு கேட்டிருக்கான். "தீர்ந்துபோச்சாம்"னு அவதான் சொல்லியிருக்கா. அவன் குழாயை விட்டான். ஆறு டிரம் ஒண்ணும் ஆகல. ஏழாவது டிரம்முக்குள்ள, அடியில, ஒரு குடம் ஆசிட் கிடந்துச்சு.

புகை மூஞ்சியில அடிச்சதும் குழாயைப் போட்டுட்டு ஓடியிருந்தா பாதியோட போயிருக்கும். அவன் வால்வை மூடினான், பக்கத்துல நின்னவனை எட்டித் தள்ளினான், அதுக்கப்புறம்தான் விழுந்தான். விழும்போதும் நிதானம்.

அப்புறம் அந்த மாஸ்க் கதை. நிரப்புற இடத்துல ஆணியில நாலு மாஸ்க் தொங்கும், பார்க்க ஜோரா. ஆனா அதுல புகையை உறிஞ்சுற டப்பா காலாவதியாகி ரெண்டு வருஷம், உள்ளே மருந்து கல்லாகிப் போச்சு. நிதானம் மூணு தடவை போய்ச் சொன்னான். "தொங்கட்டும், பார்க்கிறவனுக்கு அது போதும்"னான் சென்ட்டு. நல்ல மாஸ்க் மூணு இருந்துச்சு. அது அவன் ரூம்ல, கண்ணாடி அலமாரியில, பூட்டுப் போட்டு. வெளியூர்ல இருந்து பெரிய மனுஷங்க வந்தா மாட்டிச் சுத்திக் காட்ட.

காகிதத்தை மடிச்சு அவகிட்ட குடுத்தேன்.

"அடுத்த வாரம் அரசாங்கத்துல இருந்து ஆய்வுக்கு வர்றாங்களாம்மா. அவங்க வந்து பார்த்துட்டு எழுதுறதுதான் முடிவாம்."

"அவங்களும் இதையே எழுதிட்டா?"

"எழுதிட்டா... அப்புறம் தப்பு உன் வீட்டுக்காரர் மேலதான். குடோன் தப்பிச்சிரும்."

"சென்ட்டு?"

"அவனுக்கென்ன, கர்ச்சீப்பை மாத்திக்குவான்."

அவ சிரிக்கல. உள்ளே போயி ரொட்டியைப் பால்ல ஊற வச்சுப் பிசைஞ்சா. அவனுக்கு இப்போ முழுங்க அதுதான் முடியும். ருசியும் தெரியாது, வாசனையும் தெரியாது. ஒரு வாய் வாங்குறதுக்கு மூஞ்சியில இருக்கிற மாஸ்கைக் கழட்டணும், வாங்கினதும் மாட்டணும். ஒரு கிண்ணம் ரொட்டிக்கு முக்கால் மணி நேரம். ஊட்டும்போது அவ அவன் கண்ணைப் பார்க்கிறதில்ல, கிண்ணத்தையே பார்ப்பா. காரணம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில ஜுர வேகத்துல அவன் ஒரே ஒரு தடவை சொன்னான், "நீதானே கிழிச்சே"ன்னு. அவனுக்கு அது ஞாபகமே இல்ல. அவளுக்கு அதைத் தவிர ஒண்ணும் ஞாபகம் இல்ல.

ஆய்வுக்கு மூணு நாள் இருக்கும்போது என் மேடைக்கு வந்து நின்னா. லாரி ஒண்ணும் இல்ல. வெயில்ல இரும்புத் தட்டு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"அண்ணே, அவன் மூஞ்சியை அந்தப் புகையில வைக்கணும்."

"யார் மூஞ்சியை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஒரு நிமிஷம்கூட வேண்டாம். அரை நிமிஷம். எங்க வீட்டுக்காரர் வாங்கினதுல பாதி வாங்கட்டும்."

"என்னம்மா பேச்சு இது? பைத்தியமா உனக்கு?"

"சரக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். எவ்வளவு சேர்க்கணும்னும் தெரியும். ஒரு வாளி போதும். அவன் ரூம் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டா..."

"ஜெயிலுக்குப் போவே."

"போறேன்."

"போ. தாராளமாப் போ. முக்கால் மணி நேரம் உக்காந்து அவனுக்கு ரொட்டி ஊட்டுறது யாரு? சென்ட்டு வந்து ஊட்டுவானா?"

"வயிறு பத்திக்கிட்டு எரியுதுண்ணே. அவன் காலைல கார்ல இறங்குறான், கர்ச்சீப்பை உதறுறான், என்னைப் பார்த்து 'எப்படி இருக்காரு'ன்னு கேக்கிறான். நானும் 'பரவாயில்ல சார்'ங்கிறேன். இந்த வாயால சொல்றேன்! அந்த நேரம் அவன் கண்ணுல பயம்னு ஒண்ணைப் பார்க்கணும்ணே. எங்க வீட்டுக்காரர் கண்ணுல பார்த்தேனே, அதே பயம். அதைப் பார்க்காம நான் சாகமாட்டேன்."

"பார்க்கலாம், பார்க்கலாம். கடவுள்னு ஒருத்தர் இருக்காரு."

"அவரும் கர்ச்சீப்பை மூக்குல வச்சுக்கிட்டு நிக்கிறாரு போல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

மறுநாள் என் வீட்டுக்காரிகிட்ட வந்து, "எலுமிச்சம்பழம் இருந்தா இருக்கிறதையெல்லாம் குடுங்க அண்ணி"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனா. அவன் தொண்டைக்கு ஏதோ வைத்தியம்னு நாங்க நினைச்சோம்.

ஆய்வு அன்னைக்குக் காலைல அவ வீட்டுத் தண்ணி டிரம்மை உருட்டிக்கிட்டுப் போறதைப் பார்த்தேன். அதே நீல டிரம்தான். குடோன்ல எப்பவோ கழிச்சுப் போட்டதைக் கழுவித் தண்ணி பிடிக்க வச்சிருந்தா. இன்னொரு கையில ரெண்டு கேன். ஒண்ணுல ஆசிட் லேபிள், ஒண்ணுல பிளீச் லேபிள். நான் ஓடிப்போயி வழியை மறிச்சேன்.

"அம்மா, வேண்டாம்மா. சொன்னாக் கேளு."

"நீங்க எடை போடுற வேலையைப் பாருங்கண்ணே."

"உள்ளே பத்துப் பேர் வேலை பார்க்கிறான். அவங்களுக்கும் பொண்டாட்டி இருக்கா."

அவ நின்னு என்னை ஒரு பார்வை பார்த்தா. "பத்து வருஷமா எதிர்லயே உக்காந்திருக்கீங்க. ஒரு டிரம்மைப் பார்க்கத் தெரியுதா உங்களுக்கு?"ன்னு கேட்டுட்டு உள்ளே போனா. எனக்கு ஒண்ணும் விளங்கல. ஓடிப்போயி சொல்லியிருக்கணும். யார்கிட்ட சொல்ல? சொன்னா அவளைப் பிடிச்சுக் குடுத்த மாதிரி ஆகும். சொல்லலைன்னா பத்துப் பேர் பாவம். இந்தத் தவிப்புல நான் நிக்கும்போதே, எடை ரெஜிஸ்டரை எடுத்துக்கிட்டு வரச் சொல்லி ஆள் வந்துட்டான்.

ஆய்வுக்கு வந்தது ஒரு அம்மா. ஒல்லியா, பென்சிலைக் கொண்டையில சொருகிக்கிட்டு, அதிகம் பேசாத ஆளு. சென்ட்டு முன்னாடி முன்னாடி நடந்து காட்டிக்கிட்டு வந்தான். தரையில புதுசா மஞ்சக் கோடு. ஆணியில நாலு மாஸ்க், துடைச்சுப் பளபளன்னு.

"எல்லா வசதியும் குடுத்திருக்கோம் மேடம். கைக்கு எட்டுற தூரத்துல மாஸ்க். ஆள் நல்லவன்தான். என்ன, கொஞ்சம் அவசரக்காரன்."

நிதானத்தைப் போயி அவசரக்காரன்ங்கிறான்! நிரப்புற ஆளுங்க எல்லாரும் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. நானும்தான்.

"மேடம்"னு ஒரு குரல். அவ டிரம்மை நடுவுல நிமித்தி வச்சுட்டு நின்னுக்கிட்டு இருந்தா. "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நான் காட்டட்டுமா?"

"ஏய், உன்னை யாரு இங்க கூப்பிட்டா? போ வெளியே"ன்னான் சென்ட்டு.

"பேசட்டும்"னாங்க அந்த அம்மா.

அவ ஆசிட் கேனைத் தூக்கி லேபிளை எல்லாருக்கும் காட்டி டிரம்முக்குள்ள கவுத்தா. "இதுதான் மேடம் அடியில கிடந்தது." அடுத்து பிளீச் கேனைத் தூக்கினா. சென்ட்டு மூஞ்சி செத்துப்போச்சு.

"அதைக் கீழ வை."

"ஏன் சார்?"

"கீழ வைன்னு சொல்றேன்ல!"

"மாஸ்க்தான் இருக்கே சார். நாலு. கைக்கு எட்டுற தூரத்துல."

ஊத்திட்டா.

டிரம் புஸ்ஸுன்னு சீறி நுரை தள்ளிக்கிட்டு மேல வந்துச்சு. சென்ட்டு துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடினான். ஆணிக்கு நேர் கீழதான் ஓடினான். தோள் இடிச்சு ஒரு மாஸ்க் அவன் முன்னாடியே விழுந்துச்சு, அதையும் மிதிச்சுக்கிட்டு ஓடினான். தன் ரூமுக்குள்ள பாய்ஞ்சு, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அலமாரிச் சாவியைத் தேடி, உள்ளே இருந்த நல்ல மாஸ்கை எடுத்து மாட்டிக்கிட்டான். ரூமுக்குப் பெரிய கண்ணாடி ஜன்னல். எல்லாம் தெரிஞ்சுது. கர்ச்சீப் வாசல்ல கிடந்துச்சு.

நாங்களும் வாசலுக்கு ஓடினோம், பொய் சொல்லுவானேன். அந்த அம்மா மட்டும் எட்டி ஆணியில இருந்த ஒரு மாஸ்கை எடுத்தாங்க. அவ அவங்க கையைப் பிடிச்சுத் தடுத்தா. "அது உதவாது மேடம்"னு சொல்லிட்டு, டிரம்மைச் சாய்ச்சு, உள்ளே கையை விட்டு ஒரு கை அள்ளிக் குடிச்சா. மிச்சத்தை மூஞ்சியில அடிச்சுக் கழுவினா.

"எலுமிச்சம்பழச் சாறு, சமையல் சோடா. வேற ஒண்ணும் இல்ல மேடம். கழுத்தைப் பாருங்க."

அப்பதான் நான் பார்த்தேன். டிரம் கழுத்துல வெள்ளைக் கயிறு, புதுசு. ரெண்டு கேன் கழுத்துலயும் கயிறு. கழுவினது, சுத்தமானதுன்னு எல்லார் கண்ணுக்கும் முன்னாடி கட்டி வச்சிருந்தா. குடோனையே கட்டி ஆள்றவனுக்கு அது கண்ணுல படல. லேபிளை மட்டும் வாசிச்சுட்டு ஓடினான்.

அந்த அம்மா கீழ விழுந்த மாஸ்கை எடுத்து டப்பாவைத் திருகிக் கழட்டினாங்க. குலுக்கினாங்க, உள்ளே கல்லு உருண்டுச்சு. தேதியைப் பார்த்தாங்க. கண்ணாடிக்கு உள்ளே நின்னவனைப் பார்த்தாங்க. கொண்டையில இருந்து பென்சிலை உருவினாங்க.

"கைக்கு எட்டுற மாஸ்கை விட்டுட்டு இவரு எதுக்கு அவ்வளவு தூரம் ஓடினாரு?"

அதுக்குள்ள சென்ட்டுக்கு விஷயம் புரிஞ்சு மாஸ்கைக் கழட்டக் கையைத் தூக்கினான். அவ ஜன்னல் கிட்டப் போயி கண்ணாடியில மூஞ்சியை வச்சா.

"கழட்டாதீங்க சார். நல்லா இருக்கு உங்களுக்கு. எங்க வீட்டுலயும் ஒருத்தர் மாட்டிக்கிட்டுதான் படுத்திருக்காரு. அவரு கழட்டுற அன்னைக்கு நீங்களும் கழட்டுங்க."

அவன் கண்ணு ரெண்டும் அந்த ரப்பருக்கு மேல பிதுங்கி நின்னுச்சு. அவ அதை ஆற அமர, திகட்டத் திகட்டப் பார்த்தா. நானும் பார்த்தேன். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

திரும்பி வந்து அந்த அம்மா முன்னாடி நின்னா. "இன்னொண்ணும் எழுதிக்குங்க மேடம். கயிறு கட்டாத டிரம்முல லேபிள் ஒட்டினது நான். பழசைக் கிழிச்சதும் நான். அவன் சொன்னான், நான் செஞ்சேன். எங்க வீட்டுக்காரர் என் லேபிளை நம்பித்தான் குழாயை விட்டாரு. தப்பு யார் யார் மேலன்னு எழுதினா என் பேரையும் எழுதுங்க. அவர் பேரை மட்டும் எழுதாதீங்க."

"எழுதினா உங்க வேலை போயிரும்"னாங்க அந்த அம்மா.

"போகட்டும்."

எனக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ரெஜிஸ்டரைத் திறந்து சம்பவம் நடந்த அன்னைக்குத் தேதியில விரலை வச்சேன். "காலி டிரம் நாப்பது. அறுபது கிலோ கூட வந்துச்சு மேடம். கழுவாத டிரம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நானும் பேசாம விட்டேன்." இது ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. பார்க்காததும் சரிதான்.

அன்னைக்கு மதியமே சென்ட்டு கார்ல ஏறிப் போனவன் திரும்பி வரல. குடோன் கதவுல சீல் விழுந்துச்சு. அவளுக்கும் வேலை இல்ல, அவ சொன்னபடியே அவ பேரையும் எழுதிட்டாங்க. நிதானம் மேல தப்பு இல்லைன்னும் எழுதிட்டாங்க.

அவ வீட்டுக்கு வந்ததும் நான் என் பக்கத்துச் சுவர் ஓரமா நின்னேன். ஒட்டுக்கேக்கிறது தப்புதான். கேட்டேன்.

மெஷின் சத்தத்துக்கு நடுவுல அவன் குரல், காத்துப் போன டயர் மாதிரி. "ஓடினானா?"

"ஓடினான்."

"ஆணியில... இருந்ததை..."

"தொடல. மிதிச்சுக்கிட்டு ஓடினான்."

அப்புறம் அவ சொன்னா, "நான் கிழிச்சதையும் சொல்லிட்டேங்க. எழுதிக்கிட்டாங்க."

மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. கிண்ணத்துல கரண்டி கலக்கிற சத்தம் கேட்டு, நின்னுச்சு.

"எப்படி ஓடினான்?"

"எப்படின்னா?"

"ஓடிக் காட்டு."

"போங்க, உங்களுக்கு வேற வேலை இல்ல."

"காட்டுடி."

தடதடன்னு சத்தம். அந்தச் சின்ன ரூம்ல சுவர்ல இருந்து சுவருக்கு அவ ஓடினா. எதையோ தட்டி விட்டா, கதவைச் சாத்தினா, "ஐயோ, சாவி, சாவி"ன்னு சென்ட்டு மாதிரியே கத்தினா. அவன் சிரிச்சான். ரெண்டு மாசம் கழிச்சு முதல் சிரிப்பு. அது இருமலாகி, இருமல் நிக்காம இழுத்துச்சு. "போதும், போதும், சிரிக்காதீங்க"ன்னு அவ முதுகைத் தேய்க்கிற சத்தம் கேட்டுச்சு. இருமல் அடங்க ரொம்ப நேரம் ஆச்சு.

அடங்கினதும் அவன் சொன்னான், "இன்னொரு தடவை."